எட்டும் ஒன்பதும்

கும்மிடிப்பூண்டி பஜாரில் உரக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. வாசலில் சிறிய பலகை: 'துளசிராமன். திருமணம், வேலை தொடர்பான விசாரணைகள்.' அதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. துப்பறிவாளர் என்று போடலாமே சார் என்று நாஜியா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போட்டால் வருகிறவன் என் தலையில் தொப்பியைத் தேடுவான் என்பார் அவர்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவன் படியேறி வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையிலிருந்த இரண்டு ஹெல்மெட்டுகளையும் பெஞ்சின் மேல் ஓசைப்படாமல் வைத்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"என் பேரு சரவணகுமார் சார். பொதட்டூர்பேட்டை. நெலம் இருக்குது, விதைக்கடை வச்சிருக்கேன். என் தங்கச்சிய யாரோ பாத்துக்கினே இருக்காங்க."

"எங்கேர்ந்து?"

"அதான் சார் தெரியல. கம்ப்யூட்டர்லேர்ந்து."

பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து நீட்டினான். மேலே ஒரு கைபேசி எண், ரம்யா என்ற பெயர், பிறந்த தேதி. கீழே வரிசையாகச் சிறிய எழுத்தில் அச்சு. நாஜியா துளசிராமனின் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். தைராய்டு மாத்திரை, மாதம் ஒருமுறை. சர்க்கரை மாத்திரை. மூக்குக்கண்ணாடி, பவரோடு. முடிச்சாயம். கர்ப்பம் பார்க்கும் அட்டை, இரண்டு. பாதுகாப்பு ஷூ, பெண்கள் அளவு ஆறு, ஒரு கெமிக்கல் கம்பெனி கேட்டில் ஒப்படைப்பு. குழந்தைகள் கறுப்பு ஷூ, அளவு எட்டு ஒரு ஜோடி, அளவு ஒன்பது ஒரு ஜோடி, ஒரே நாளில். பஸ் பாஸ். கூரியர் வந்த நேரங்கள். மற்றபடி முகவரி என்று இருந்த இடமெல்லாம் ஒன்றே: ஜெயராஜ் ரீசார்ஜ் கடை, கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோடு.

ஏதோ ஒரு கடையில் கசிந்தது, ஏதோ ஒரு மருந்தகத்தில் கசிந்தது, ஒரு கூரியரில், ஒரு பாஸ் செயலியில். யாரோ ஒருவன் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே எண்ணின் கீழே கோத்திருந்தான். நாஜியா தன் எண்ணின் கீழே இப்படி எத்தனை தாள் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டாள்.

"இது எப்ப வந்தது?" என்றார் துளசிராமன்.

"நேத்து தபால்ல சார். அனுப்பினவன் பேரு இல்ல. தங்கச்சி அழுதுகினே குடுத்தா."

"எங்க வேலை செய்றாங்க?"

"இங்கதான் சார், கெமிக்கல் கம்பெனியில. பிளான்ட்டுக்குள்ள. டெய்லி மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எனக்குப் போன் பண்ணிடுவா. நேத்து மெஷின் சத்தத்துக்கு நடுவுல அழுவுறா, எனக்கு ஒண்ணுமே கேக்கல." அவன் தாள்களைக் காட்டினான். "இதுல பாதி அவளுதே இல்லியாம். எது அவளுது, எது யாருதுன்னு பிரிச்சிக் குடுத்தீங்கன்னா சைபர் கிரைம்ல போய் எழுதிக் குடுத்துடுவேன். ஆனா அவளாண்ட மட்டும் எதுவும் கேக்காதீங்க சார். மாப்பிள்ளை பாத்துக்கினு இருக்கோம். பயந்துடுவா."

துளசிராமன் இரண்டாவது தாளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். ஃபைலுக்காக டிரைவிங் லைசென்ஸ் நகல் கேட்டார். அவன் தயங்காமல் கொடுத்தான். நாஜியாவின் எண்ணையும் குறித்துக்கொண்டு போனான்.

படியில் காலடி ஓய்ந்ததும் நாஜியா லைசென்ஸை மேசையில் தட்டினாள்.

"சார், பொய்! இவனுக்குப் பன்னண்டு, மூணு, தொண்ணூத்தொண்ணு. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு, ஆறு, தொண்ணூத்தொண்ணு. மூணு மாசத்துல ஒரு அம்மா ரெண்டு புள்ள பெத்துக்குவாளா?"

துளசிராமன் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம்.

"எனக்கும் என் தம்பிக்கும் பேப்பர்ல நாலு மாசம்தான் வித்தியாசம். ஸ்கூல்ல சேக்கும்போது அஞ்சு வயசு ஆவணும். வாத்தியார் தலைக்கு மேல கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொல்லுவாரு, தொட்டுட்டா ஜூன் ஒண்ணுன்னு எழுதிடுவாரு. இந்தச் சுத்துவட்டாரத்துல பாதிப்பேருக்குப் பொறந்த நாளு ஜூன் ஒண்ணு. இத வச்சி யாரையும் பொய்யன்னு சொல்ல முடியாது."

நாஜியாவின் முகம் வாடியது.

"கோவிச்சுக்காத. கவரைப்பேட்டைக்குப் போய்ட்டு வா. போற வழியில அந்த கெமிக்கல் கம்பெனி கேட்டையும் ஒரு தபா பாரு. எது கெடைச்சாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு."

கடைசி வாக்கியத்தை அவள் பாதிப்படியில் இருக்கும்போது கேட்டாள். கேட்டாள், அவ்வளவுதான்.

கம்பெனி கேட்டில் காவலுக்கு ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரை அடைத்து ஒரு மர அலமாரி. புறாக்கூண்டு மாதிரி சின்னச்சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கைபேசி, ஒரு தகர டோக்கன்.

"எல்லாரும் வச்சிட்டுத்தான் போவணுமா அக்கா?"

"பின்ன? உள்ள ஒரு பொறி பட்டா ஊரே போயிடும். மேனேஜரா இருந்தாலும் போனு கேட்டோட சரி."

"சாப்பாட்டு நேரத்துலயாவது..."

"கேன்டீனு உள்ளதானே இருக்குது. ஆறு வருசமா இந்த நாற்காலியில குந்திகினு இருக்கேன், ஒரு போனு உள்ள போனதில்ல. ஒளிச்சி எடுத்துக்கினு போவப் பாத்த ஒருத்தி மறுநாள் வேலைக்கி இல்ல."

பேசிக்கொண்டிருக்கும்போதே மேல் வரிசையில் ஒரு போன் அதிர்ந்தது. பிறகு பக்கத்து அறையில் ஒன்று. பிறகு கீழே ஒன்று. எடுக்க ஆளில்லாமல் அவை மரத்தில் முட்டிக்கொண்டு நகர்ந்தன. காவல்காரப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாஜியாவுக்கு அந்த நொடியே, போன் கையில் இல்லாத பெண்கள் வேறு யாரோ ஒருத்தியின் எண்ணைத்தான் கொடுப்பார்கள் என்று விஷயம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அவளுக்குப் புரிந்தது பாதிதான். அது அப்போது அவளுக்குத் தெரியாது. அவள் கவரைப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

ஜெயராஜ் கடை மூன்றடி அகலம். பின்னால் பார்சல்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஜெயராஜ் ஐம்பது வயதுக்காரர். ஒரு கையில் நாஷ்டா தட்டு, மறு கையில் யாருடைய போனோ. நேரம் பன்னிரண்டரை.

"இந்த நம்பரா? ரம்யா நம்பரு. நீ யாரும்மா, கூரியரா?"

"ஆமாண்ணே," என்றாள் நாஜியா. "இந்த நம்பருக்கு மட்டும் இவ்ளோ பார்சல் வருதே, ஒரே ஆளா இத்தினி வாங்குது?"

ஜெயராஜ் இட்லியை விழுங்கிவிட்டுச் சிரித்தார். "நல்லாக் கேட்ட போ. பதினோரு பொண்ணுங்கம்மா. எல்லாம் கம்பெனியில வேலை. அதுங்க போனு கேட்டுலயே கெடக்குது. கூரியர்க்காரன் ஒரு தபா அடிப்பான், எடுக்கலன்னா திருப்பி எடுத்துக்கினு போயிடுவான். ரம்யா கையில எப்பவும் போனு இருக்கும். அதனால எல்லாரும் எல்லாத்துக்கும் ரம்யா நம்பரைத்தான் குடுக்கிறது. மெடிக்கல்ல கேட்டாலும் அதான், பாஸுக்கு கேட்டாலும் அதான். நம்பரு குடுன்னு எவன் கேட்டாலும் வாய்ல அதான் வருது."

"இந்தக் குழந்தை ஷூ? எட்டு, ஒம்போது?"

"பொட்டியப் பிரிச்சா பாக்கறோம்? ஆனா ரெண்டு புள்ளைங்க வச்சிருக்கிறது அந்தப் பதினோருல யாருமில்லியே." அவர் யோசித்தார். "சாயங்காலம் ஆறு மணிக்கு வா. எல்லாம் மொத்தமா வந்து பார்சல் எடுத்துக்கினு போவும். நீயே கேட்டுக்க."

மெடிக்கல் கடையிலும் கேட்டாள். அதே பதில். ஒரு எண், பதினோரு பெண்கள். தாளில் இருந்த ரம்யா என்று ஒருத்தி கிடையவே கிடையாது. தைராய்டு ஒருத்தி, சர்க்கரை ஒருத்தி, கண்ணாடி ஒருத்தி. கசிந்த விவரங்களைக் கோத்தவன் பதினோரு பெண்களைத் தைத்து ஒரு பெண்ணாக்கியிருந்தான்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாதித்துவிட்ட மகிழ்ச்சி உடம்பெல்லாம் ஓடியது. ஒன்றே முக்கால் மணிக்குச் சரவணகுமாருக்குச் செய்தி அனுப்பினாள்: 'சார், கவலை வேண்டாம். அந்த நம்பரைப் பதினோரு பேர் கொடுக்கிறார்கள். எல்லோரும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெயராஜ் கடைக்கு வருவார்கள். இன்றே பிரித்துவிடலாம்.'

பதில் உடனே வந்தது. 'மிக்க நன்றி மேடம். நாலு வயசுப் பெண் குழந்தை வைத்திருப்பது அவர்களில் யார் என்று மட்டும் விசாரித்தீர்களா?'

அதைப் படித்தபோது ஏதோ ஒன்று அவளை உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. அப்போது ரயில் வந்தது.

அவள் சொல்லி முடிக்கும்வரை துளசிராமன் குறுக்கே பேசவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு ஸ்டீல் கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தவர். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் யாருக்காக அட்டை போட்டார் என்று பார்த்துப் பழகிய கண். சொல்லி முடித்ததும் கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். அனுப்பியதைப் படித்தார். வந்ததைப் படித்தார். மேசையின் மேல் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ரம்யா எங்க வேலை செய்றான்னு ஜெயராஜாண்ட கேட்டியா?"

"இல்ல சார். கிளையன்ட்தான் சொல்லிட்டாரே, கெமிக்கல் கம்..."

அவள் வாய் அப்படியே நின்றது. மர அலமாரி கண்முன் வந்தது. மரத்தில் முட்டி நகரும் போன்கள்.

"சார்."

"மணி இன்னா?"

"மூணு இருவது."

"அந்த நம்பருக்கே போடு. அண்ணன் இருக்கானான்னு கேளு."

ரம்யா உடனே எடுத்தாள். பின்னால் லாரி ஹாரன். "அண்ணனா? நான் ஒரே பொண்ணுங்க. யாருங்க நீங்க? நான் எடைமேடையில இருக்கேன், வண்டி நிக்குது."

துளசிராமன் போனை வாங்கினார். "அம்மா, எட்டும் ஒம்போதும் ரெண்டு அளவுல ஷூ வாங்கறது யாரு?"

ஹாரன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ரம்யா தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். துளசிராமன் தன் பெயரைச் சொன்னார், பழைய கம்பெனியைச் சொன்னார், அங்கே இப்போது செக்யூரிட்டியாக இருக்கும் பச்சையப்பனிடம் தன்னைப் பற்றிக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். பத்து நிமிடம் கழித்து அவளே அழைத்தாள். அவர் போனோடு ஜன்னலோரம் போய்விட்டார். வெகுநேரம் பேசினார். நாஜியாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"பூமிகான்னு பேரு. ஒன்றரை வருசத்துக்கு முன்னாடி புள்ளையத் தூக்கிக்கினு புருசன்கிட்டேர்ந்து ஓடி வந்திருக்கா. எடது காது கேக்காது. அவன் அடிச்சது. அவளாண்ட போவக்கூடாது, தேடக்கூடாதுன்னு அவன்மேல கோர்ட்டு உத்தரவு இருக்குது."

"சொல்லிட்டீங்கல்ல சார் அவங்களுக்கு?"

"எப்படிச் சொல்றது? அவ போனு அந்த மரப்பொட்டியில கெடக்குது. அஞ்சரைக்கு வேன்ல ஏறி நேரா ஜெயராஜ் கடைக்குத்தான் வருவா."

நாஜியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் சார் அனுப்பினேன். நான்தான்..."

"அழுவுறதுக்கு நேரமில்ல. அவனுக்கு ஒரு செய்தி போடு. பிரிச்சாச்சு, அஞ்சே கால் மணிக்கு ஆபீசுக்கு வந்தா பேரு சொல்றோம்னு."

அனுப்பினாள். அதற்குள் இரண்டு முறை அழித்து எழுதியிருந்தாள். துளசிராமன் மகளிர் காவல் நிலையத்துக்குப் பேசினார். பிறகு இன்னும் ஒரு முறை ரம்யாவுக்கு.

ஐந்தே கால் மணிக்குச் சரவணகுமார் வந்தான். அதே வெள்ளைச் சட்டை. ஹெல்மெட்டைப் பெஞ்சில் வைத்தான்.

"இவ்ளோ சீக்கிரமா முடிப்பீங்கன்னு நெனைக்கல சார்."

"உக்காருங்க. நாஜியா, டீ சொல்லு." துளசிராமன் தாள்களை மெதுவாக வரிசைப்படுத்தினார். "ஒண்ணொண்ணாச் சொல்றேன். அவசரப்பட்டா தப்பாயிடும்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பேரு மட்டும் சொன்னாப் போதும் சார்."

"சொல்றத முழுசாக் கேளுங்க, துட்டு குடுத்திருக்கீங்க இல்ல? பிளான்ட்டுல இருக்கற தங்கச்சி டெய்லி மத்தியானம் போன் பண்ணுவான்னு சொன்னீங்க. அந்தக் கம்பெனியில போனு கேட்டைத் தாண்டாது. நேத்தும் தாண்டல, ஆறு வருசமாத் தாண்டல. காலையிலயே எனக்கு ஒரு சந்தேகம். கேட்டுல போய்ப் பாத்துக்கினு வந்து இந்தப் பொண்ணு உறுதி பண்ணிச்சி. சிப்காட்டுல ஒரு நாள் வேலை செஞ்சவனும் அப்படி ஒரு பொய் சொல்ல மாட்டான். நீங்க பேப்பரைப் பாத்துச் சொன்னீங்க. பாதுகாப்பு ஷூ கெமிக்கல் கம்பெனி கேட்டுக்குப் போயிருக்குது, அதனால ரம்யா அங்க வேலை செய்றான்னு முடிவு பண்ணிட்டீங்க. அந்த ஷூவு வேற பொண்ணுது. ரம்யாவ நீங்க பாத்ததே இல்ல."

சரவணகுமார் அசையவில்லை. முகத்தில் மரியாதை அப்படியே இருந்தது.

"ரெண்டாவது, இந்தத் தாளு. நேத்து வந்ததுன்னு சொன்னீங்க." துளசிராமன் இரண்டாவது தாளை விளக்கின் கீழ் பிடித்தார். "மத்த மூணும் புதுசு. இது மட்டும் மடிச்சி மடிச்சி நைஞ்சி போயிருக்குது. மடிச்சா மேல வர்றது ஒரே வரி. கட்டை வெரல் பட்டுப் பட்டு அந்த வரியில மை அழிஞ்சிருக்குது. குழந்தை ஷூ. எட்டு ஒரு ஜோடி, ஒம்போது ஒரு ஜோடி. சட்டைப் பையிலயே மாசக்கணக்கா வச்சிருந்திருக்கீங்க."

டீ வந்தது. யாரும் தொடவில்லை. கீழே உரக்கடையில் யாரோ மூட்டையைப் போடும் சத்தம் கேட்டது. நாஜியா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து முப்பத்தெட்டு. வேன் கிளம்பியிருக்கும்.

"இத யாரு படிச்சாலும் ரெண்டு புள்ளைங்கன்னுதான் நெனைப்பாங்க. நாஜியா நெனைச்சா, ஜெயராஜ் நெனைச்சாரு, நானும்தான். நீங்க மட்டும் நாலு வயசுப் பெண் குழந்தை ஒண்ணுன்னு எழுதறீங்க. இந்த நாலு தாள்ல எங்கயும் வயசு இல்ல, பொண்ணுன்னு இல்ல, ஒண்ணுன்னும் இல்ல. இன்னிக்கிதான் எனக்குத் தெரிஞ்சிது, அந்தக் குழந்தைக்கு வலது கால் சின்னது, எடது கால் ஒரு அளவு பெருசு. அதுக்கு எப்பவும் ரெண்டு ஜோடி வாங்கணும். யாரும் சொல்லாமலே அது தெரிஞ்சவங்க உலகத்துலயே ரெண்டு பேரு. ஒண்ணு அம்மா."

நாஜியாவுக்கு ரயில்வே பெஞ்சில் உறுத்தியது இதுதான் என்று இப்போது விளங்கியது.

"நீங்க ரம்யாவத் தேடல. கசிஞ்ச விவரத்தை எவங்கிட்டயோ வாங்கி, ஒரே ஷூவை அடுத்தடுத்த ரெண்டு அளவுல ஒரே நாள்ல வாங்கினது யாருன்னு தேடியிருக்கீங்க. இந்த ஒரு நம்பர் கெடச்சிது. அப்புறம் அந்த நம்பருக்குக் கீழ இருக்கற எல்லாத்தையும் வாங்கினீங்க. போட்டுப் பாத்திருப்பீங்க, வேற பொம்பள குரல். கொழம்பிட்டீங்க. பதினோரு பேரைப் பிரிக்க உங்களால முடியல. இந்த ஊர் ஆளு வேணும். அதுக்குத்தான் எங்கிட்ட வந்தீங்க."

சரவணகுமார் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

"என் புள்ளைய நான் பாக்கக் கூடாதா சார்?"

"கோர்ட்டுல கேளுங்க."

"பொஞ்சாதி புள்ளையத் தூக்கிக்கினு ஓடினா அது தப்பில்ல. தேடினா நான் தப்பா?"

"அவ காது?"

கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்து ஐம்பத்திரண்டு. முதல் முறையாகச் சிரித்தான்.

"நல்லாப் பேசறீங்க. பேசிக்கினே என்னை ஒக்கார வச்சிட்டோம்னு நெனைக்கறீங்க."

"காலையில ரெண்டு ஹெல்மெட்டு கொண்டாந்தீங்க," என்றார் துளசிராமன். "இப்ப ஒண்ணுதான் இருக்குது."

நாஜியா பெஞ்சைப் பார்த்தாள்.

"எங்க அண்ணன். மூணு மணிலேர்ந்து அந்த ரீசார்ஜ் கடைக்கு எதிர்லதான் குந்திகினு இருக்கான். அவளை அவனுக்கு நடையிலயே தெரியும்." சரவணகுமார் எழுந்தான். "மேடம்தான் எடம், நேரம் எல்லாம் அனுப்பிச்சாங்களே. அவங்களுக்கு ரொம்ப நன்றி."

அந்த நன்றி நாஜியாவின் மேல் எச்சிலைப் போல விழுந்தது. அவள் துளசிராமனைப் பார்த்தாள். அவர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை. ஐந்து ஐம்பத்தாறு. ஐந்து ஐம்பத்தெட்டு. சரவணகுமார் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான். கதவருகே போனான்.

போன் அடித்தது. துளசிராமன் ஒலியை உரக்க வைத்தார்.

"சார், ரம்யா." மூச்சு வாங்கியது. "கேட்டுலயே போய் நின்னுட்டேன் சார். பூமிகாவ வேன்ல ஏற விடல. புள்ளையப் பாத்துக்கற கெங்கம்மாள் அக்கா குழந்தையக் கூட்டிக்கினு வந்துட்டாங்க. அம்மாவும் புள்ளையும் வேற வண்டியில ஏறிட்டாங்க. எங்கன்னா..."

"எங்கன்னு சொல்லாத," என்றார் துளசிராமன். "எனக்கும் தெரிய வேணாம். கடைக்கு யாராவது போனீங்களா?"

"ஒருத்தியும் போவல. அங்க எதிர்ல குந்தியிருந்த ஒருத்தன, நீங்க சொல்லி வந்த போலீஸ் கூட்டிக்கினு போச்சாம், ஜெயராஜ் அண்ணன் போன் பண்ணாரு."

படியில் காலணிச் சத்தம் கேட்டது. இரண்டு பெண் போலீஸ், பின்னால் சப் இன்ஸ்பெக்டர் அம்மா. கோர்ட்டு உத்தரவின் நகல் கையில் இருந்தது. சரவணகுமார் தகராறு செய்யவில்லை. இறங்குவதற்கு முன் திரும்பி, காலையில் பேசிய அதே மென்மையான குரலில் சொன்னான்:

"அந்தப் பேப்பர நீங்களே வச்சிக்குங்க சார். ஒரு நாஷ்டா காசுக்கு வேற வாங்கிக்கலாம். புள்ள வளந்துக்கினேதானே இருக்கும். அடுத்த தபா ஒம்போதும் பத்தும் தேடிக்கறேன்."

அவர்கள் போன பிறகு துளசிராமன் தாள்களை நான்காகக் கிழித்தார். நாஜியா தடுக்கவில்லை.

"கிழிச்சி இன்னா சார் பிரயோஜனம்? ஒரிஜினல் எங்கயோ இருக்குது."

"தெரியும்." கிழித்ததைக் கூடையில் போட்டார். சுவரோரம் நின்ற இரும்பு அலமாரியைப் பார்த்தார். அதில் எட்டு வருடத்துத் திருமண விசாரணைகள் இருந்தன. யாருக்கு என்ன வியாதி, யார் முன்பு யாரோடு பேசினாள். ஊரும் தெருவும் போட்ட ஃபைல்கள். "நாமளும் இதே வேலையத்தான் செஞ்சிக்கினு இருந்திருக்கோம், இல்ல?"

அவள் கீழே சிந்தியிருந்த கிழிசல்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

"அந்தப் பதினோரு பொண்ணுங்க தெரிஞ்சி ஒண்ணும் செய்யல," என்றார் சற்றுப் பொறுத்து. "ஒரே நம்பரைக் குடுத்தாங்க. அவன் மாசக்கணக்கா தடுமாறினான். தெரிஞ்சே செஞ்சா?"

பத்து நாளில் சரவணகுமார் ஜாமீனில் வந்துவிட்டான். அதற்குள் ரம்யா எடைமேடையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கேட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். ஸ்டீல், கெமிக்கல், பிளாஸ்டிக், எல்லா ஷிஃப்டும். கும்மிடிப்பூண்டியில் நான்கு பேர், பொன்னேரியில் மூன்று பேர், திருவள்ளூரில் ஐந்து, திருத்தணியில் இரண்டு, சுற்றியுள்ள மற்ற ஊர்களில் பன்னிரண்டு. கல்யாணம் ஆனவர்கள், ஆகாதவர்கள், பேரன் எடுத்தவர்கள். ஆளுக்கொரு எண்ணிலிருந்து குழந்தைகள் கறுப்பு ஷூ வாங்கினார்கள். அளவு ஒன்பது ஒரு ஜோடி, அளவு பத்து ஒரு ஜோடி, ஒரே நாளில். மொத்தம் இருபத்தாறு பேர். பூமிகா மட்டும் வாங்கவில்லை.

இருபத்தாறில் ஒன்று பழவேற்காட்டில் நாஜியாவின் வீட்டுக்கு வந்தது. அவள் அம்மா ரஷீதாவின் எண்ணில் போட்டது. அம்மா பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"நிக்காஹ்வே ஆவல. அதுக்குள்ள ரெண்டு புள்ளைக்கி ஷூவா? இன்னாடி பேஜாரு இது?"

"ஒரு புள்ளைக்கிதாம்மா."

"ரெண்டு அளவு இருக்குதே!"

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். நாஜியா எடுத்தாள்.

"கூரியர்லேர்ந்து பேசறோம்மா." மென்மையான, மரியாதையான குரல். அதை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். "ஷூ பார்சல் வந்துச்சில்ல? பாப்பாவுக்கு ரெண்டு காலும் சரியா இருக்குதா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குரலை மாற்றி இரண்டே சொல் சொன்னாள்.

"சரியா இருக்கு."

மறுமுனையில் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். இது அவளா, இல்லையா என்று அந்த மௌனத்தில் அவன் எடை போடுவது அவளுக்குத் தெரிந்தது. பிறகு இணைப்பு அறுந்தது.

கதவைத் தாழிட்டுவிட்டு துளசிராமனுக்குப் பேசினாள்.

"சார், போன் வந்துச்சி. அவன்தான்."

"இதோட ஏழு," என்றார் அவர். பக்கம் புரட்டும் சத்தம். "திருத்தணியில ஒண்ணு, பொன்னேரியில ரெண்டு, இங்க மூணு. இப்ப நீ. பயந்துட்டியா?"

"ஆமா சார்."

"நல்லது. தாழ்ப்பாளப் போட்டுக்கோ." மறுபடியும் பக்கம் புரட்டும் சத்தம். "ஏழு பேருக்குப் பண்ணியிருக்கான்னா, அவனுக்கு இன்னும் தெரியல."

நாஜியா ஷூக்களைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். இடது கால் பத்தையும் வலது கால் ஒன்பதையும் தனியாக ஒரு பையில் வைத்துக் கட்டினாள். எங்கே கொடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. ரம்யாவுக்குத் தெரியும். மிச்சம் இருந்த இரண்டையும் அலமாரியின் அடியில் தள்ளினாள். அவை எந்தக் காலுக்கும் ஆகாது.